உங்கள் ஆர்வத்துக்கு நன்றி

ஒரு நகரம் நாகரிகத்தின் உச்சியைத் தொட்டுவிட்டது என்று எப்படிக் கண்டுகொள்வது? குழாயில் தண்ணீர் வருகிறதா, பேருந்து நேரத்துக்கு வருகிறதா என்று பார்ப்பவர்கள் பழைய ஆட்கள். ஒரு கார் கிளம்ப வேண்டும்; கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும்; அதையே மறுபடி மறுபடி செய்ய வேண்டும்; அதற்கான செலவை, அந்தக் காரில் ஒருநாளும் ஏற முடியாதவர்கள் தங்கள் வரிப்பணத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். இவ்வளவும் கூடிவந்தால் அதுதான் உன்னத நகரம். அப்படியொரு நகரத்தில்தான் டிகிரி வேலை பார்த்தாள்.

டிகிரி அவளுடைய பெயர் இல்லை. அவள் குடியிருந்த தெருவிலேயே முதன்முதலாகக் கல்லூரி முடித்தவள் என்பதால் தெரு வைத்த பெயர். "டிகிரி, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" "டிகிரி, கரண்ட் பில்லுல இது என்ன புதுசா ஒரு வரி?" அவள் படித்தது வரலாறு. வரலாற்றைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை.

மாநகராட்சியின் "மோட்டார் பந்தய மக்கள் மகிழ்ச்சிப் பிரிவு" அவளை ஒப்பந்த அடிப்படையில் எடுத்துக்கொண்டது. மகிழ்ச்சி நிரந்தரம், வேலை தற்காலிகம். அந்த அறை முன்பு சாலைப் பழுதுப் பிரிவாக இருந்தது. சாலைகளில் பழுதே இல்லாமல் போனதால் அல்ல, பந்தயத்துக்கு ஒரு அறை தேவைப்பட்டதால் அந்தப் பிரிவு மூடப்பட்டது. கதவில் பழைய பலகையின் நான்கு ஆணித் துளைகளும் அப்படியே இருந்தன. உள்ளே இரண்டு தொலைபேசிகள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவளுக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்திருந்த சீனியருக்கு.

முதல் நாள் முதல் அழைப்பு. ஒருவர் எடுத்த எடுப்பிலேயே கத்தினார். ராத்திரியெல்லாம் பந்தயத்துக்கு வேலி அடிக்கிறார்கள், கைக்குழந்தை தூங்கவில்லை, உங்களுக்கெல்லாம் வீடு வாசல் கிடையாதா என்று கேட்டார். டிகிரி "புகார்" என்று எழுதினாள். பிரிவுத் தலைவர் எட்டிப் பார்த்தார். பந்தயத்தை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ள மூன்று நாடுகளுக்கு அரசுச் செலவில் போய் வந்தவர் அவர்.

"என்னம்மா இது, புகார்?"

"கத்தினாரு சார். காது கிழியுற மாதிரி."

"சம்பந்தமே இல்லாத விஷயத்துக்கு யாராவது கத்துவாங்களா?"

"மாட்டாங்க சார்."

"அப்ப கத்துறாருன்னா என்ன அர்த்தம்? மனசளவுல பந்தயத்துக்குள்ள இருக்காரு. கோபம்னா ஈடுபாடு. ஈடுபாடுன்னா ரசிகர். 'ஆர்வ அழைப்பு'ன்னு எழுதுங்க."

அவள் எழுதினாள். அதோடு நிற்கவில்லை. அழைப்பவர்கள் திட்டி முடித்து மூச்சு வாங்கும்போது சொல்வதற்கு ஒரு வாக்கியமும் எழுதிக் கொடுத்தாள்: "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி." தலைவர் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து இரண்டு தொலைபேசிகளுக்கும் மேலே ஒட்டச் சொன்னார். வரலாறு படித்தவள் எழுதி அரசு அங்கீகரித்த முதல் வாக்கியம் அது. வீட்டில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

வீடு பந்தயத் தடத்துக்கு உள்ளே இருந்தது. வளையலுக்குள் கை மாதிரி, நான்கைந்து தெருக்களைத் தடம் சுற்றி வளைத்திருந்தது. பந்தய நாட்களில் அந்தத் தெருக்காரர்கள் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவர்கள் வீட்டுக்கு வர முடியாது. மற்ற நாடுகளில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. இங்கே அவர்கள் "உள்வட்ட விருந்தினர்கள்" என்று அழைக்கப்பட்டார்கள். சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை விளம்பரதாரர்களின் ஓய்வறையாகிவிட்டது. நடந்து நடந்து களைத்த பாதைக்கும் ஓய்வு வேண்டாமா?

டிகிரிக்கு ஒரு தங்கை. குட்டி என்று கூப்பிடுவார்கள். குட்டிக்கு இன்ஜின் பைத்தியம். தெருவில் எந்த வீட்டுத் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தாலும் அவள்தான் போவாள். கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்பாள். "உள்ள காத்து புடிச்சிருக்கு" என்பாள், பிடித்திருக்கும். அரசு இயந்திரவியல் கல்லூரிக்கு வருடத்துக்கு ஒருமுறை நுழைவுத் தேர்வு. இரண்டு வருடமாக அதற்காகப் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு. தேர்வு மையம் எதிர்ச்சாரிப் பள்ளிக்கூடம். வீட்டு மாடியில் நின்றால் பள்ளியின் கடிகாரம் தெரியும். பந்தயமும் அதே ஞாயிற்றுக்கிழமைதான்.

"நான் வேணா முந்தின நாளே பிரெண்டு வீட்டுக்குப் போயிடவா?" என்று குட்டி கேட்டாள்.

"எதுக்குடி? எட்டரைக்கு வேலிக் கேட்டைக் கொஞ்ச நேரம் திறப்பாங்க. உள்ள இருக்கிறவங்க கடந்து போகலாம். நோட்டீஸ்ல போட்டிருக்கு."

"நோட்டீஸ்ல போட்டா நடந்திடுமா?"

"அந்த நோட்டீஸை டைப் அடிச்சதே நான்தான்."

"அதான் கேக்குறேன்."

அம்மா குறுக்கே புகுந்தாள். "அக்காவே அந்த ஆபீஸ்ல இருக்கா. உனக்கு என்னடி பயம்? சும்மா நொய்நொய்னுட்டு."

ஞாயிற்றுக்கிழமை எட்டேகாலுக்கே அக்காவும் தங்கையும் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். குட்டி கையில் நுழைவுச் சீட்டு, இரண்டு பேனா, ஒரு பாட்டில் தண்ணீர். டிகிரி கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. இரண்டு ஆள் உயரத்துக்குக் கம்பி வலை. அதற்கு அப்பால் சாலை, சாலைக்கு அப்பால் பள்ளிக்கூடம். பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எட்டரை ஆயிற்று. கேட் அசையவில்லை.

"அண்ணே, திறங்க. எட்டரை ஆச்சு" என்றாள் டிகிரி.

காவலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இன்னிக்குத் திறக்கிறது ரத்தும்மா."

"ஏன்? கார் வருதா?"

"இல்ல."

"எப்ப வரும்?"

"சிறப்பு விருந்தினர் எழுந்திருச்சதும் வரும். அவரு திறந்த கார்ல ஒரு சுத்து வந்து கையாட்டப் போறாரு. ரோட்டைக் கழுவி வெச்சிருக்கு. அதுவரைக்கும் காலடி படக்கூடாது."

"ரோடு காலியா கிடக்குதுண்ணே."

"காலிதான். ஆனா இப்ப அது ரோடு இல்லையே, டிராக்."

டிகிரி அடையாள அட்டையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். அவர் அதை மரியாதையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பச்சைப் பட்டை இருக்கும்மா. டிராக்கைக் கடக்கணும்னா தங்கப் பட்டை வேணும்."

"தங்கப் பட்டை யாருகிட்ட இருக்கு?"

"கடக்க வேண்டிய அவசியம் இல்லாதவங்ககிட்ட."

அப்போது ஒரு நாய் வேலிக்கு அடியில் புகுந்து, கழுவிய சாலையின் நட்டநடுவே நின்று ஆற அமரச் சொறிந்துகொண்டு, எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது.

"அது மட்டும் போகுதே?" என்றாள் குட்டி.

"அதுக்கு அடையாள அட்டையே கிடையாது. என்னன்னு சொல்லி நிறுத்துறது?"

டிகிரி கைப்பேசியை எடுத்தாள். தலைவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. கடைசியில், கோபம் வந்த குடிமக்கள் எல்லோரும் கூப்பிடும் எண்ணையே கூப்பிட்டாள். சீனியர் எடுத்தார்.

"சீனியர், நான்தான். கேட்டைத் திறக்க மாட்டேங்கிறாங்க. என் தங்கச்சிக்கு ஒன்பது மணிக்கு எக்ஸாம். சார்கிட்ட உடனே சொல்லுங்க."

சீனியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்றார் சீனியர்.

"யோவ், நான்தான்யா."

"தெரியுது." குரலைத் தாழ்த்தினார். "சாரு பக்கத்துலதான் நிக்கிறாரு. இன்னிக்கு யாரு போன் பண்ணாலும் இதைத்தான் சொல்லணுமாம். இது நூத்திச் சொச்சமாவது கால். ஜாலியா இருக்காரு."

அதற்குள் குட்டி வலையில் ஏற ஆரம்பித்திருந்தாள். காவலாளி காலைப் பிடித்து இழுத்தார். இன்னும் இரண்டு பேர் லத்தியோடு ஓடி வந்தார்கள். அவள் கீழே விழுந்தாள், எழுந்தாள், இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டு தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். நுழைவுச் சீட்டு விரல்களுக்கும் கம்பிக்கும் நடுவே கசங்கியது. தடத்தின் ஓரத்தில் தங்கப் பட்டையோடு நின்ற ஒரு புகைப்படக்காரர் பளிச்சென்று ஒரு படம் எடுத்தார். நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்னொன்றும் எடுத்தார்.

எதிரே பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. கதவை மூடினார்கள். அந்தக் கதவை மட்டும் நேரத்துக்கு மூடினார்கள்.

அதற்கும் வெகுநேரம் கழித்து, திறந்த காரில் சிறப்பு விருந்தினர் வந்தார். தூக்கம் கலையாத முகத்தோடு இடமும் வலமும் கையாட்டினார். உள்வட்ட விருந்தினர்களைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினார். குட்டி இன்னும் வலையை விடவில்லை. கார் கடந்து போகும்வரை காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"இன்ஜின்ல ஒரு சிலிண்டர் அடிக்கல" என்றாள்.

அடுத்த வாரம் மாநகராட்சிக் கூட்டம். பொருள்: மக்கள் பணத்தில் நடக்கும் இந்தப் பந்தயத்தைத் தொடரலாமா, வேண்டாமா. ஜனநாயகம் என்றால் முடிவெடுத்த பிறகும் விவாதிக்க வேண்டும் அல்லவா? டிகிரியைத் திரையில் படம் காட்டுவதற்காகத் தலைவர் அழைத்துப் போயிருந்தார். கணினியில் பட்டன் தட்டுவது அவள் பொறுப்பு. அதில் என்னென்ன படம் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"நேரடிப் பலன் எதுவும் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள்" என்று தொடங்கினார் தலைவர். "ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மறைமுகப் பலன் ஏராளம்."

"எங்க இருக்கு?" என்று கேட்டார் ஒரு பெண் உறுப்பினர். தன் வட்டாரத்துச் சாக்கடைக்கு மூடி கேட்டு மூன்று வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

"மறைமுகமாக இருக்கிறது, அம்மா. ஆர்வ அழைப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டைவிட மூன்று மடங்கு. பந்தய நாளில் தொலைபேசியைக் கீழே வைக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இளைய தலைமுறைக்கு இயந்திரவியலில் எழுந்துள்ள தாகம். அடுத்த படம், ப்ளீஸ்."

டிகிரி தட்டினாள். சுவர் முழுக்கக் குட்டி. வலையைப் பிடித்த விரல்கள், திறந்த வாய், புடைத்த நரம்பு. கீழே கொட்டை எழுத்தில்: "வேகத்தின் மீது ஒரு தலைமுறையின் காதல்."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்து, எதற்கென்று தெரியாமல் அவரும் தட்டினார்.

மேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அருமையான படம். அந்தப் பொண்ணு ஏதோ சொல்ற மாதிரி இருக்கே. என்ன சொல்லுது?"

"ஆரவாரம்தான், ஐயா."

"இல்ல சார்" என்றாள் டிகிரி. எழுந்து நின்றிருந்தாள். "அது என் தங்கச்சி. 'எக்ஸாமுக்கு நேரமாச்சு, கேட்டைத் திறங்கடா'ன்னு கத்துறா. யாரும் திறக்கல. டிராக்ல ஒரு கார்கூட இல்ல. ஒரு ஆளு தூங்கி எழுந்திருக்கிறதுக்காகப் பூட்டி வெச்சிருந்தீங்க. மூணு மடங்குன்னு சொன்னாரே, அந்த அழைப்பு எல்லாமே திட்டுதான். எழுதினவ நான். எனக்குத் தெரியும். அதுல ஒண்ணு நான் பண்ணது."

உறுப்பினர்கள் தங்கள் முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டினார்கள். பெண் உறுப்பினர் மட்டும் திரும்பி அவளை முழுசாகப் பார்த்தார். தலைவரின் காது சிவந்தது. மேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"என்ன எக்ஸாம்மா அது?"

"அரசு இயந்திரவியல் கல்லூரி நுழைவுத் தேர்வு சார். இன்ஜின் படிக்கணும்னு ஆசை."

"இன்ஜினா?" மேயரின் முகம் மலர்ந்தது. சபையை நோக்கிக் கைகளை விரித்தார். "கேட்டீங்களா? பந்தயத் தடத்துக்குப் பக்கத்துல இருக்கிற பொண்ணு, இன்ஜின் படிக்கணும்னு துடிக்குது. இதைவிட என்னய்யா சாட்சி வேணும்?"

தட்டல் ஓய நேரம் பிடித்தது. பந்தயம் மேலும் ஐந்தாண்டுகளுக்குத் தொடரும் என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு, சாக்கடை மூடிக்காரருடையது. பந்தய நாளில் தேர்வு வைத்துப் பொதுமக்களுக்கு இடையூறு செய்த கல்வித் துறைக்குக் கண்டனம் தெரிவிக்கப்பட்டது. படத்தில் உள்ள மாணவியின் இயந்திர ஆர்வத்தைப் பாராட்டி, அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு முதல் வரிசையில் ஓர் இலவச இருக்கை வழங்கப்பட்டது. கூட்டக் குறிப்பில் டிகிரிக்கும் ஒரு வரி கிடைத்தது: "ஊழியர் ஒருவர் மிகுந்த ஆர்வத்துடன் பேசினார்."

வெளியே வந்ததும் தலைவர் அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார். "பயந்தே போயிட்டேன்மா. ஆனா நல்லா எடுபட்டுச்சு. அடுத்த வருஷமும் இதே மாதிரி பேசிடுங்க."

சாயங்காலம் குட்டி பக்கத்து வீட்டு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, கையெல்லாம் கிரீசாக உட்கார்ந்திருந்தாள். டிகிரி அந்த டிக்கெட்டை நீட்டினாள். தங்கப் பட்டை போட்ட டிக்கெட். குட்டி அதைத் தொடாமல் குனிந்து படித்தாள்.

"இதை வெச்சுக்கிட்டு டிராக்கைக் கடக்கலாமா?"

"கடக்கலாம்."

"அன்னிக்கு அந்தப் பக்கம் எக்ஸாம் இருக்குமா?"

டிகிரி டிக்கெட்டைக் கீழே, கழற்றிப் போட்டிருந்த திருகாணிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏன்க்கா, பந்தயத்துல ஜெயிச்ச காரு கிளம்பின இடத்துக்கே சுத்தி வந்துச்சு. கப்பு குடுத்தாங்க." குட்டி ஒரு திருகாணியை எடுத்துத் துணியில் துடைத்தாள். "நானும்தான் கிளம்பின இடத்துக்கே வந்து உக்காந்திருக்கேன். மறுபடி முதல் பக்கத்துலேருந்து படிக்கணும். எனக்கு மட்டும் ஏன் வேடிக்கை பார்க்கிற டிக்கெட்டு?"

இதற்கு அரசு அங்கீகரித்த பதில் ஒன்று உண்டு. எழுதியவளே எதிரில்தான் நின்றாள். பழக்கதோஷத்தில் அது அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.