மூன்று அங்குலம் குறைந்த கண்ணாடி

இந்த ஏப்ரலில் கடற்கரைக்குத் தனியாகப் போவதென்று வெண்டல் பிக்ஸ்பி தீர்மானித்தார். தீர்மானத்தை மனைவியிடம் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவர் அந்த அளவுக்கு முட்டாள் இல்லை.

பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து பிஸ்மோ கடற்கரைக்கு நூற்று முப்பது மைல். வருஷத்துக்கு ஒருமுறை, பழைய காருக்குள் புது எஞ்சின் பூட்டி ஓட்டுகிற ஹாட் ராட் சங்கத்துக் கார்கள் வரிசையாக அந்தத் தூரத்தை ஓடும். வெண்டலுடையது 1932 ஃபோர்டு. கூரை கிடையாது, மட்கார்டு கிடையாது. தொண்ணூறு வயசு உடம்புக்குள் இருபது வயசு எஞ்சின். அந்தக் காரில் அவருக்கு எல்லாமே பிடிக்கும், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரும் ஆர்லீனின் வாயைத் தவிர.

"பிரேக்."

"பாத்துட்டேன் ஆர்லீன்."

"லாரி."

"அது எதிர்ப்பக்கம் போகுது."

"போகும். எப்ப திரும்பும்னு உனக்குத் தெரியுமா? களைப்பா இருந்தா சொல்லு, நான் ஓட்டுறேன்."

"உனக்குக் கண்ணு எட்டாது. ஸ்டியரிங்குக்கு மேல உன் புருவம்தான் தெரியும்."

இருபத்தாறு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். இத்தனைக்கும் ஆர்லீன் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அறுபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போய் வந்தவளுக்கு, இந்தக் காரின் சாவி மட்டும் கைக்கு வந்ததில்லை.

வெண்டலுக்கு அலுத்துவிட்டது. ஒரே ஒரு சனிக்கிழமை, நூற்று முப்பது மைல் அமைதி. அவர் கேட்டது அவ்வளவுதான். "நீ வராதே" என்று சொல்ல முடியாது. அவளாகவே வரவில்லை என்று சொல்ல வேண்டும்.

வழி ஆர்லீனின் தலையில் இருந்தது. தலைக்குள் அல்ல, தலைமேல். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அழகு நிலையத்துக்குப் போய், முடியைச் சீவித் தூக்கி, மருந்தடித்து, நாலு அங்குல உயரத்துக்குக் கோபுரம் கட்டிக்கொண்டு வருவாள். காரின் முன்கண்ணாடி அந்தக் கோபுரத்துக்குக் கோட்டைச் சுவர் மாதிரி.

"சுவரை மூணு இஞ்ச் குறைச்சிட்டா?" என்றார் வெண்டல், கராஜில் வைத்து, பக்கத்து வீட்டு டூயியிடம். பயணத்துக்கு முன்னால் கார்களைச் சோதிக்கும் சங்கத் துணைப் பரிசோதகர் டூயிதான். பரிசோதகர் வெண்டலேதான்.

"காருக்கு லட்சணமாத்தான் இருக்கும்," என்றார் டூயி. "ஆர்லீன் என்ன சொல்லும்?"

"அதுக்குத்தான்யா வெட்டுறதே. காத்து நேரா கொண்டையில அடிக்கும். பத்து மைல்ல கோபுரம் சாயும். பாத்துட்டு அவளே வேணாம்பா."

"உன் கண்ணு மறைக்காம பாத்துக்க. சட்டம் போட்டவன் நீ."

உண்மைதான். வெட்டிக் குறைத்த கண்ணாடிகளுக்காக வெண்டல் போட்ட சட்டம்: ஓட்டுகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்தால், கண்ணாடியின் மேல்விளிம்புக்கு ஒரு அங்குலமாவது கீழே கண் இருக்க வேண்டும். முதுகை வளைத்துக் குனிந்தால் செல்லாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் டூயி குனிந்து உட்கார்ந்தார். வெண்டல் அவரை எல்லோர் முன்னாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். டூயி அதை மறக்கவில்லை.

அடுத்த வாரம் ஆர்லீன் காப்பிக் கோப்பையோடு கராஜுக்கு வந்தாள்.

"வெண்டல், இந்த சீட்டு ரொம்ப அமுங்கிப் போச்சு. சாலினாஸ் கடையில குடுத்துப் புதுசா தைக்கச் சொல்றேன். கல்யாண நாளுக்கு என் பரிசு."

"சரி, குடு. நான் முன்கண்ணாடியைக் கொஞ்சம் குறைக்கலாம்னு..."

"குறையேன். நல்லாத்தான் இருக்கும்."

இந்த இடத்தில் வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் ரம்பத்தைக் கீழே வைத்திருப்பான். வெண்டல் வைக்கவில்லை.

இருக்கை கடைக்குப் போனது. வெண்டல் சும்மா அளக்கிற ஆள் இல்லை. பழைய இருக்கையின் உயரத்துக்குச் சரியாக ஒரு மரப்பெட்டி செய்து, காருக்குள் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆர்லீனே வெளியே நின்று, அவர் கண்மட்டத்துக்குக் கண்ணாடியில் காகித டேப்பை ஒட்டினாள்.

"நேரா உக்காரு வெண்டல். ஆங். ஆடாதே."

டேப்புக்கு ஒரு அங்குலம் மேலே கோடு. கழிக்க வேண்டியது சரியாக மூன்று அங்குலம். இரண்டு பக்கத் தூண்களையும் டூயி பிடிக்க, வெண்டல் அறுத்தார். பற்றவைத்து, அராவி, முலாம் பூச அனுப்பினார். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியை வெட்டிக் கொடுத்தார். எல்லாம் மாட்டி முடித்ததும் கார் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு முறைக்கிற மாதிரி இருந்தது. வெண்டல் ரசித்தார். ஆர்லீனும் ரசித்தாள். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வெண்டல் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் கடைக்காரர் சாலினாஸே வந்து இருக்கையைப் பூட்டிவிட்டுப் போனார். மேலே போர்வை போர்த்தியிருந்தது.

"காலையில பாரு. பரிசுன்னா பரிசு மாதிரி இருக்கணும்," என்றாள் ஆர்லீன். தலையில் துணி கட்டியிருந்தாள். வெண்டல் காரணம் கேட்கவில்லை. தலைவலி என்று நினைத்துக்கொண்டார். நாளைக்கு வரமாட்டாளோ என்றுகூட ஒரு நப்பாசை.

சனிக்கிழமை ஆறு மணிக்கு டூயி முழக்கோலோடு வந்தார். தன் காரைத் தானே பரிசோதிக்கக் கூடாது என்பதும் வெண்டல் போட்ட சட்டம். ஆர்லீன் போர்வையை உருவினாள். சிவப்புத் தோல் இருக்கை, முழு நீளத்துக்கு ஒரே பலகை, பொம்மென்று இருந்தது.

வெண்டல் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. எதிரே பார்த்தார். கண்ணாடியைக் காணோம். குனிந்து தேடினார். மூக்குக்கு நேரே கண்ணாடியின் மேல்விளிம்பு மின்னியது.

"நிமிரு," என்றார் டூயி. முழக்கோலை வைத்தார். "கண்ணு மூணு இஞ்ச் மேல இருக்கு. தேறாது."

"சீட்டு உசந்திருக்குய்யா! ஆர்லீன், என்ன இது?"

"நாலு இஞ்ச் பஞ்சு. நல்ல ஸ்பிரிங். கேட்டுத்தான் வச்சேன்."

"கொஞ்சம் குனிஞ்சுக்கிறேன் டூயி."

"நாலாவது விதி," என்றார் டூயி. ஆறு வருஷம் காத்திருந்த நிதானம்.

"கண்ணுக்குக் காத்துக்கண்ணாடி மாட்டிக்கிறேன்!"

"முன்கண்ணாடிக்குப் பதிலா அது செல்லாதுன்னு அஞ்சாவது விதி. நீதான் எழுதின."

"சீட்டைக் கழட்டுவோம்."

"ஏழு மணிக்கு வரிசை கெளம்புது. அந்த போல்ட்டெல்லாம் அடியிலேர்ந்து போட்டது," என்றாள் ஆர்லீன். "எறங்கு, நான் ஒரு தடவை உக்காந்து பாக்குறேன்."

ஏறினாள். தலைத்துணியை அவிழ்த்தாள். கோபுரத்தைக் காணோம். பையன் மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள்.

"நீ மூணு இஞ்ச் வெட்டின. நான் நாலு," என்றாள். "நீயும் டூயியும் கராஜ்ல பேசினா, துணி துவைக்கிற ரூம்ல ரேடியோ வச்ச மாதிரி கேக்கும் வெண்டல்."

டூயி முழக்கோலை வைத்தார். "ரெண்டு இஞ்ச் கீழ. அருமை. தேறிடுச்சு." பரிசோதனைத் தாளை நீட்டினார். "வேற ஆள் ஓட்டுறதுக்குக் கார் சொந்தக்காரர் சம்மதம், இங்க ஒரு கையெழுத்து."

வெண்டல் தாளைப் பார்த்தார். அந்தக் கட்டத்தையும் அவர்தான் போட்டிருந்தார். கையெழுத்துப் போடாவிட்டால் கார் வீட்டில் நிற்கும். இருபத்தாறு வருஷத்தில் அது ஒரு பயணத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. பேனாவை வாங்கினார்.

"எனக்குக் கண்ணு எட்டாதுன்னியே," என்றாள் ஆர்லீன், சாவிக்குக் கையை நீட்டி.

ஊரைத் தாண்டியதும் ஆரஞ்சுத் தோப்புகள். பூக்கிற காலம். கண்ணாடிக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த வெண்டலின் முகத்தில் காற்று அறைந்தது. ஆர்லீன் கண்ணாடிக்குள் சுகமாக, பஸ் ஓட்டின கையோடு, கியரை மாற்றினாள். எதிரே ஒரு டேங்கர் வந்தது. வெண்டலுக்குப் பொறுக்கவில்லை.

"லாரி..."

திறந்த வாய்க்குள் ஒரு தேனீ போனது. நல்ல வேளை, உள்ளே போய்விட்டு உடனே வெளியே வந்துவிட்டது.

"வாயை மூடிட்டு வா வெண்டல்," என்றாள் ஆர்லீன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் நூத்திப்பத்து மைல் இருக்கு."

பிஸ்மோ வரைக்கும் காரில் ஒரு பேச்சு இல்லை. வெண்டல் கேட்டதும் அதுதான்.