எட்டு எலுமிச்சம்பழம்

உலகத்தில் எத்தனையோ கார் பந்தயக்காரர்கள் இருக்கலாம். எதிராளியின் காருக்கும் சேர்த்து எலுமிச்சம்பழம் வாங்கி வருபவர் எங்கள் கடத்தூர் எலுமிச்சங்காய்க்காரர் ஒருவர்தான். டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை.

கோடையில் காய்ந்த ஏரிக்குள் நடக்கும் மண் பந்தயம்தான் அவருக்கு உயிர். எல்லாக் கார்ச் சக்கரங்களுக்கும் அவரே பழம் வைப்பார். எவன் வண்டியாவது மக்கர் செய்தால் தன் வண்டியின் பிளக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இருமுகிற வண்டியோடு கடைசியாக வந்து சேருவார். வருடா வருடம் இதே கதைதான்.

ஆரம்பத்தில் பதினைந்து கார்கள் வந்தன. டயர் விலை ஏறியது. ஹெல்மெட், இன்சூரன்ஸ், கரையில் ஆம்புலன்ஸ் எல்லாம் கட்டாயமாயின. கார்கள் ஏழாகி, மூன்றாகின. பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் ஒருவர் காரை விற்று எருமை வாங்கிவிட்டார். இவர் போய்க் கெஞ்சியதற்கு, "எருமை நின்ன எடத்துலயே பால் குடுக்குதுங்க. காரு ஓடுனாலும் செலவு, நின்னாலும் செலவுங்க" என்றாராம். அதுவும் நியாயம்தான்.

போன கோடையில் வந்தது ஒரே கார், அவருடையது. இரண்டு காராவது இல்லாவிட்டால் பந்தயம் ரத்து, இனி எந்த வருடமும் கிடையாது என்று கமிட்டியார் கையை விரித்துவிட்டார்கள். மனிதர் முகம் செத்துப்போனது. வேடிக்கை பார்க்கப் போன என் பழைய காரைப் பார்த்தார். அவருடையதும் அதே ரகம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து, என் தலையில் ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டார்.

"சும்மா மூணு சுத்து வாங்க சார். அது போதும்."

ரிவர்ஸ் எடுக்கவே எனக்கு மனைவி இறங்கி வழி சொல்ல வேண்டும். கடைசிச் சுற்றில் அவர் வெகு தூரம் முன்னால் போய்விட்டார். மனிதர் முதல் தடவையாக ஜெயிக்கப் போகிறார் என்று கரையில் ஒரே கூச்சல். அப்போது பார்த்து என் டயர் பஞ்சர். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, தன் ஸ்டெப்னியை எடுத்து எனக்கு மாட்டினார். மாட்டிவிட்டுப் போனால் அவர் வண்டி கிளம்பவில்லை. மாட்டு வண்டி வேகத்தில் நான் ஜெயித்தேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே கோட்டைத் தாண்டியவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மூச்சு வாங்க என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குங்க சார்? இத்தன வருசத்துல நான் செகண்டு வந்ததே இல்லீங்க."

அந்தக் காரை விற்றுத் தொலைக்கச் சொல்லி வீட்டில் தினமும் நச்சரிப்பு. எனக்குத்தான் மனசு வரவில்லை. விற்றுவிட்டால், பாவம், அவர் யாரிடம் போய்த் தோற்பார்?