மூன்றாம் எண் கம்பம்

பயந்தவன் செய்யும் புத்திசாலித்தனத்தைப் போல ஆபத்தானது வேறொன்றும் இல்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. எனக்குப் பெண் தருவதாக இருந்த மனிதரையே ஒரு நாள் கேபிள் கம்பமாக நிறுத்தியவன் நான்.

தேங்காய்ப்பட்டணம் பக்கம் நான் கேபிள் தொழில் தொடங்கிய புதிது. கேபிள் நடத்த வேண்டிய தபால் ஆபீஸ் பதிவு கையில் இருந்தது. பேரூராட்சி ரோட்டுக்கு மேலே வயர் கொண்டுபோகும் அனுமதிதான் வரவில்லை. அந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்த்தால்தான் கல்யாண நிச்சயம் என்று ஸ்டெல்லாவின் அப்பா மரியதாசன் மாமா சொல்லிவிட்டார். ("நாளைக்கு எவனாவது வந்து வயரை அறுத்துப் போட்டா எனக்க பிள்ளை என்னத்தெ திம்பா?" நியாயமான கேள்விதான்.)

பேரூராட்சிச் செயல் அலுவலர் மறுநாள் நேரில் பார்க்க வருகிறார் என்று ஒரு சாயங்காலம் தகவல் வந்தது. ரோட்டைக் கடக்கும் இடங்களில் வயர் உயரமாகப் போக வேண்டும் என்பது விதி. என் வயரோ மூன்று இடங்களில் தென்னைக்குத் தென்னை துணிக்கொடி மாதிரி தொங்கியது. மீன் லாரி வந்தால் கிளீனர் மேலே ஏறி நின்று தூக்கிவிட்டுப் போவார். ஆனால் மனுவோடு கொடுத்த வரைபடத்தில் மூன்று இடத்திலும் கம்பம் போட்டு, எண்ணும் எழுதியிருந்தேன். (கம்பம் மார்த்தாண்டத்தில் இருந்து "இந்தா வருது" என்று ஒரு மாதமாக வந்துகொண்டிருந்தது.)

எங்கள் ஊர்த் திருவிழாவில் தேர் வரும்போது நாலு பேர் கவை வைத்த மூங்கிலோடு முன்னால் நடந்து, குறுக்கே வரும் வயர்களைத் தூக்கிப் பிடிப்பார்கள். புனிதருக்குச் செய்வதை அதிகாரிக்கும் செய்தால் என்ன என்று தோன்றியது. மூன்று மதில், பின்னால் மூன்று ஆள், ஆளுக்கொரு மூங்கில். பார்த்தால் இரும்பு என்று தோன்ற வெள்ளி பெயின்ட் வேறு அடித்தேன்.

ஒன்றாம் எண் அம்மா. இரண்டாம் எண் நண்பன் ஜஸ்டின். மூன்றாம் எண்ணாக நிற்க வேண்டிய தங்கை காலையில் காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். (நடிப்புதான்.) நான் தலையில் கைவைத்து நின்ற நேரத்தில், காகிதம் வந்ததா என்று கேட்க மாமா வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். தெரு முக்கில் அதிகாரியின் ஜீப் ஹாரன் கேட்டது.

"மாமா, இதைப் பிடிச்சிட்டு மதிலுக்குப் பின்னாலெ நில்லுங்க. ரெண்டே நிமிஷம்."

"எதுக்குலே?"

"பொறவு சொல்லுதேன்."

பாவம், நின்றார்.

முதல் இரண்டு இடங்களையும் அதிகாரி ஜீப்பில் இருந்தபடியே பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மூன்றாவது இடத்தில் நல்ல நிழல். இறங்கினார். வரைபடத்தை பானெட்டில் விரித்தார். அப்போது பார்த்து அவருக்கு போன் வந்தது. மகளின் காலேஜ் அட்மிஷன் பற்றி விலாவாரியாகப் பேசினார். என் கண் வயரை விட்டு நகரவில்லை. அது மெல்ல நடுங்கத் தொடங்கியது.

"வயர் ஏன் ஆடுது?" என்றார் போனை வைத்துவிட்டு.

"கடல் காத்து, சார்."

பக்கத்தில் ஒரு தென்னை ஓலைகூட அசையவில்லை. வயர் ஒரு அடி இறங்கியது, ஏறியது, மறுபடியும் இறங்கியது. மதிலுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"மக்கா, எனக்க கை கடுக்குது. அந்த ஆளு போனானா?"

அதிகாரி மதிலைச் சுற்றிப் போனார். உள்ளங்கை முதல் முழங்கை வரை காயாத வெள்ளி பெயின்ட் வழிய, மாமா இரண்டு கையாலும் மூங்கிலைத் தலைக்கு மேலே தூக்கி நின்றார். விட்டால் வயர் அதிகாரியின் தலையில் விழும்.

"வணக்கம் சார்," என்றார் மாமா. "கும்பிட கை எடுக்க முடியல்ல."

அந்த நேரம் பார்த்து அம்மா மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஜீப்பு போயாச்சா மக்கா?" என்று கேட்டபடி ரோட்டில் வந்தாள்.

அனுமதி மறுத்து வந்த கடிதத்தில், "ஆய்வின்போது கம்பங்கள் மனிதர்களாக இருந்தமை கண்டறியப்பட்டது" என்று எழுதியிருந்தது. அதைவிட, மாமா அன்று என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனதுதான் என்னை அரித்தது. ஸ்டெல்லா போனை எடுக்கவில்லை. கல்யாணம் போச்சு என்றே நினைத்து, ஒரு வாரம் சோறு இறங்காமல் திரிந்தேன்.

எட்டாம் நாள் காலையில் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அதில் மூன்று இரும்புக் கம்பங்கள், அவற்றின் மேல் மாமா. இறங்கி வந்து, இன்னும் முழுக்கப் போகாத பெயின்டோடு என் தோளில் கைவைத்தார்.

"உனக்க மேலெ வந்த கோவத்துக்கு அளவில்ல. ஆனா அவ்வளவு நேரம் தூக்கிப் பிடிச்சதெ கீழெ போட மனசு வரல்லலே."

கம்பம் நட்டு மறுபடி மனு கொடுத்தோம், காகிதம் வந்தது, கல்யாணமும் நடந்தது. இப்போதும் வீட்டில் டி.வி. படம் லேசாக விட்டுவிட்டு வந்தால் என் மகள் என்னைக் கூப்பிடுவதில்லை. நேராகத் தாத்தாவுக்குப் போன் போடுவாள்.

"தாத்தா, கை கடுக்குதா?"

"இல்லெ மக்களே," என்பார் அவர். "பிடிச்சிட்டுதான் நிக்கேன்."