ஓடைப்பட்டியில் திராட்சைப் பவுடர்

பலகை முதலாளி என்று ஓர் இனம் இருக்கிறது. நம் இனம்தான், வெளியே சொல்லத்தான் கொஞ்சம் கூச்சம். வீட்டுத் தோசையை நம்பாமல், யாரோ பெயர் வைத்த ரொட்டிக்கு ஊரே திரண்டு வரும் என்று நம்பி, அந்தப் பெயரைக் கடனுக்கு வாங்கி வாசலில் பலகையாக மாட்டிவிட்டு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? அவரேதான்.

ஓடைப்பட்டி கருத்தக்கண்ணன் இந்த இனத்தின் குலக்கொழுந்து. வேலையில்லாப் பட்டதாரிகளுக்குப் பிரதமர் பெயரில் பாங்குகள் கடன் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மனைவி கிருபாவதிக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஆனால் தோட்டக்காரன் என்றால் யார் மதிக்கிறார்கள்? சென்னைக் கம்பெனி ஒன்றின் 'டேஸ்டோரா' பாஸ்ட்புட் கடையைச் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு எதிரே திறப்பதற்காகப் பாங்கில் போய் நின்றார்.

"ஹோட்டல்னு எழுதிக்கிடவா?" என்றார் மேனேஜர்.

"ஐயையோ, ஃபிராஞ்சைஸ்னு எழுதுங்க சார்."

"அப்படின்னா?"

"கடை நம்மது, பேரு அவுகளது."

"கடன்?"

"அது நம்மது சார்!" என்றார் பெருமையாக.

கடை திறந்தது. சட்டையில் கம்பெனி முத்திரை, தலையில் தொப்பி, வாயில் 'வெல்கம் சார்'. அத்தை மகன் வந்தாலும் வெல்கம் சார்தான். சாஸ் முதல் கை துடைக்கும் தாள் வரை எல்லாம் சென்னையிலிருந்து பார்சலில் வந்தாக வேண்டும், அது ஒப்பந்தம். திராட்சை ஜூஸும் பவுடராக அங்கிருந்துதான் வந்தது. தண்ணீர் மட்டும் உள்ளூர்.

அந்தச் சித்திரையில் லாரி ஸ்டிரைக் வந்தது. கடையில் பவுடர் தீர்ந்தது; தோட்டத்தில் பழம் எடுக்க வியாபாரி வரவில்லை. தவணை தவறினால் கடையைப் பூட்டவேண்டியதுதான் என்று பாங்கிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிருபாவதி இரண்டு கூடைப் பழத்தோடு கடைக்கு வந்தாள்.

"ஏங்க, கொடியிலயே பழம் உதிருது. இதைப் பிழிஞ்சு குடுத்தா தவணையாச்சும் கட்டலாம்ல?"

"வெவரமில்லாமப் பேசாத. வெளிச்சரக்கு உள்ள வந்தா போர்டைக் கழட்டிட்டுப் போயிருவாக. ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்."

கேட்டார். ஹெட் ஆபீஸ் டெலிபோனில் சங்கீதம் போட்டது. இவர் காதில் வைத்துக்கொண்டே நின்றார். கிருபாவதி எவ்வளவு நேரம்தான் நிற்பாள்? எதிர்ச்சாரிப் பழக்கடையில் மிக்ஸியை இரவல் வாங்கி, ஒரு பெஞ்சைப் போட்டு, ஜூஸ் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் மொய்த்தார்கள். டேஸ்டோராவில் ஃபேன் காற்று வாங்க உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து போனார்கள். மத்தியானமே கூடை காலி. தோட்டத்திலிருந்து இன்னும் நாலு கூடை வந்தது. கருத்தக்கண்ணனுக்கு வயிறு எரிந்தது. கட்டிய பெண்டாட்டியே போட்டிக் கம்பெனி!

சாயங்காலம் தொப்பியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். அவள் ஒரு டம்ளரை நீட்டினாள். ஒரே மடக்கில் குடித்தார். கண் கலங்கிவிட்டது. தவணைக்குப் பணம் சேர்ந்துவிட்டது, தன் மானம்தான் தப்பவில்லை என்று பட்டது.

"கிருபா," என்றார் மெதுவாக, "இதுக்கு ஒரு பேரு வெச்சு, போர்டு அடிச்சு, தேனிக்கும் கம்பத்துக்கும் ஃபிராஞ்சைஸ் குடுத்தா என்ன? பாங்குல இன்னொரு லோன்..."

"மொதல்ல டம்ளரைக் கழுவி வைங்க," என்றாள் அவள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். கொல்லையில் எலுமிச்சை உதிர்ந்து கிடக்க, நேற்று வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு எந்தக் கம்பெனி பாட்டிலைத் திறந்து ஊற்றினீர்கள்?