முறியத் தெரியாத கொக்கி

மனித குலம் உலோகத்தின் உள்மனத்தை முழுதாக அறிந்தது 1994-ஆம் ஆண்டு, அடையாறில், எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஏசி அறையில்தான். கூட்டக் குறிப்பு எழுதியவன் என்ற முறையில் நானே சாட்சி.

உலோகத்துக்குள் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு வரிசை பிசகினால் அதற்கு 'டிஸ்லொகேஷன்' என்று பெயர். பிசகுகள் பெருகி, தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவைப் போல நெருக்கியடித்து நின்றுவிட்டால் உலோகம் இறுகும். இயக்குநர் டாக்டர் ஸ்ரீரங்கன் இதைக் கணிப்பொறிக்குள் ஒரு 'மாடலாக' நடத்திக் காட்டினார். அதில் உலோகம் இறுகிக்கொண்டே போனது. முறிவது என்ற அற்பச் செயலுக்கு அவர் இடமே தரவில்லை.

அந்த வாரம், பட்டறையில் பாரம் தூக்கும் செயினை இயக்கும் ரகுபதி, கொக்கியைக் கழற்றிக்கொண்டு நேரே கூட்டத்துக்கு வந்துவிட்டார்.

"சார், கொக்கி வளைஞ்சுகீது. கழுத்தாண்ட விரிசல் வுட்டுகீது. வேற குடுங்க."

"வளைஞ்சா இறுகும். இறுகினா பலம்தானே?" என்றார் ஸ்ரீரங்கன். "நேத்திக்குக்கூட ரன் பண்ணிப் பாத்தேன். இறுகிண்டேதான் போறது."

"கம்பிய மடக்கி மடக்கி நிமித்துனா இன்னா ஆவும் சார்? பட்டுனு பூடும்."

"அது கம்பிப்பா. இது மாடல்."

'கணிப்பொறிச் சான்றின்படி கொக்கி முன்னிலும் உறுதியானது' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. விரிசலில் என் நகம் நுழைந்தது. அதை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. நகம் அங்கீகரிக்கப்பட்ட கருவி அல்ல.

அதே கொக்கியைத் திரும்ப மாட்டினார்கள். வியாழக்கிழமை அது முறிந்தது. அதில் தொங்கிக்கொண்டிருந்த உலை மூடி ரகுபதியின் வலது தோளில் விழுந்தது. மூட்டு பிசகியதை ஆஸ்பத்திரிச் சீட்டில் 'ஷோல்டர் டிஸ்லொகேஷன்' என்று எழுதியிருந்தார்கள். நரம்பும் அறுந்துவிட்டது, இனி அந்தக் கை எழும்பாது. சீட்டை வாங்கிப் படித்த ஸ்ரீரங்கன், "அட, நம்ம ஃபீல்டு!" என்றார்.

விசாரணைக் குழு கூடியது. மாடலில் பிழையில்லை, கொக்கிதான் மாடலைப் பின்பற்றத் தவறியது என்று கண்டறிந்தது.

ரகுபதியின் மனைவி தங்கபுஷ்பம் நியாயம் கேட்டு வந்தாள். ஸ்ரீரங்கன் அவளை மரியாதையாக உட்கார வைத்து, திரையில் ஓடும் வண்ணப் புள்ளிகளைக் காட்டினார். அவள் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இதுல எம் புருசன் எங்க கீறாரு?"

"இதுல நாலாயிரம் அணு இருக்கும்மா. மனுஷாளையும் சேத்தா மெஷின் தாங்காது."

"மிசினு தாங்காதுன்னு தெரியுதுல்ல? கொக்கி தாங்காதுன்னு மட்டும் எப்டி சார் தெரியாம பூட்ச்சு?"

கொக்கி தாங்காது என்று அன்றைக்கே கூட்டத்தில் வாய் திறந்து சொன்ன எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஒரே நிபுணர், அப்போது ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தார்.