பின்டேர் முன்னாலா, போத்னார் முன்னாலா?

பாலாட்டன் ஏரிக்கரை,
திராட்சை அறுவடை முடிந்த வாரம்.

பெருமதிப்பிற்குரிய எத்தெல்கா அக்காவுக்கு, தம்பி பின்டேர் வெண்டெல் அநேக வணக்கங்களுடன் எழுதுவது. நானும் கிசெல்லாவும் சுகம். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் தணிந்திருக்கும் என நம்புகிறேன். சுகம் என்று எழுதினேனே தவிர, எனக்கு மூளை குழம்பிக் கிடக்கிறது. நம் பெண் பொரோக்காவின் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது அக்கா.

போன ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்க வந்தார்கள். மாப்பிள்ளை ஷொம்போர் தங்கமான பையன். அவனுடைய அப்பா போத்னார் அம்ப்ருஷ், டோக்காய்ப் பக்கத்துப் பல் டாக்டர். கோழிச் சாறும் வாத்து வறுவலும் சாப்பிட்டு முடிந்ததும், இரண்டு குடும்பப் பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்ளப் போவதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். பேஷ் என்றேன். "போத்னார்-பின்டேர், கேக்கவே நல்லாருக்கு" என்றார் அவர். "பின்டேர்-போத்னார்" என்றேன் நான். அங்கே பிடித்தது சனி. அவர்கள் கிழக்கே போத்னார் என்பதும் நாம் மேற்கே பின்டேர் என்பதும் பீப்பாய் செய்கிறவனைத்தான். பீப்பாய்க்காரன்-பீப்பாய்க்காரன் என்று எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒன்றுதானே என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றித் தொலையவில்லை.

"உங்க பேரு ஜெர்மன்காரன்கிட்ட வாங்கினதுங்க. எங்களுதுதான் அசல் ஹங்கேரிப் பேரு!"

"அடேங்கப்பா! உங்களுது மட்டும் என்னவாம்? ஸ்லாவ்காரன் விட்டுட்டுப் போனதுதானே!"

"பரம்பரைத் தொழில் ரத்தத்துல ஊறியிருக்குன்னா வாங்க, காட்டுங்க பார்ப்போம்."

நான் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவன், பீப்பாயைப் பற்றி எனக்கு என்ன தெரியும், ஆனாலும் விடுவேனா, நேரே நிலவறைக்குப் போனோம், ஒரு பீப்பாயின் இரும்பு வளையத்தைக் கழற்றித் திரும்ப மாட்டுகிறவன் பேர் முன்னால் என்று பந்தயம், நான் ஒரு முனையில் தட்ட, அவர் மறுமுனையில் தட்ட, ஐயோ அக்கா, பலகையெல்லாம் விரிந்து போன வருஷத்து ஒயின் முழுக்க அவர் சலவைக் கால்சட்டையில்! "மாட்டுங்கய்யா வளையத்தை!"ன்னு நான் கத்தறேன், "எனக்குப் பிடுங்கத்தான்யா பழக்கம்!"ங்கறார் அவர்.

என் பேர் முன்னால் வராத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் என்று நனைந்த காலோடு அவர் காரில் ஏறிவிட்டார். நானும் சூட்டோடு சூடாக அதையே சொல்லிவிட்டேன். "உங்களுக்கு நான் முக்கியமா, பீப்பா முக்கியமாப்பா?"ன்னு புள்ள அழுதா அக்கா.  ஆனா எப்படி இறங்கி வர்றதுன்னு தெரியலை. ஆகவே குடும்பத்துக்கு மூத்தவளான நீ உடனே புறப்பட்டு வந்து, நம் பேரின் பழம்பெருமையை அந்த மனிதருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உன் அன்புத் தம்பி,
வெண்டெல்

பி.கு.: அக்கா, பெருமை பேச வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் கிசெல்லா இதைப் படித்துவிட்டாள்.

"என்னங்க, எங்கப்பா பேரு என்ன?"

"காதார் பென்ட்செ. எனக்குத் தெரியாதா?"

"என்ன வேலை பார்த்தாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதார் என்றாலும் பீப்பாய்க்காரன்தான். அதோடு மாமனார் சாகிற வரைக்கும் நிஜமாகவே பீப்பாய் செய்தவர்! கல்யாணத்தன்று கிசெல்லா 'பின்டேர் வெண்டெல்னே', அதாவது வெண்டெலின் பெண்டாட்டி என்று பதிவானாள். அன்றோடு அவள் பேரை நான் மறந்தே போனேன். "என்னை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். வெட்கமாகிவிட்டது அக்கா.

பொரோக்கா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மறுநாளே அவளும் ஷொம்போரும் காதார் என்றே வைத்துக்கொள்ள மனு போட்டுவிட்டார்கள். கல்யாணம் நிச்சயம், நீ அவசியம் வா. இப்போது அம்ப்ருஷ் போன் செய்கிறார்: "சம்பந்தி, அவங்க ரெண்டு பேரும் காதார்னா, கல்யாணத்துல நாம யாருங்க?"  பக்கத்தில் நின்று கிசெல்லா சொல்கிறாள்: "விருந்தாளிங்கன்னு சொல்லுங்க."