பெயர் இல்லாத பொட்டலங்கள்

ஜோசியரின் வேலை போனது என்னால்தான். இல்லாத எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர் கோலாலம்பூரில் அவர்தான், அவரைத்தான் பலிகொடுத்தேன்.

பிரிக்பீல்ட்ஸில், பூஜைச் சாமான் முதல் முடிச்சாயம் வரை இணையத்தில் விற்கும் கடை. அங்கே அவர் பொட்டலம் கட்டுவார்; ஜோசியர் என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகஸ்தனான நான் கணினியில் பொருள் பட்டியலைப் பார்த்துக்கொள்வேன். ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் எனக்குக் கை அரிக்கும், ஒன்றை அழித்துவிடுவேன். அழித்த பொருளுக்கு ஏற்கெனவே ஆர்டர் வந்திருந்தால், பொட்டலச் சீட்டில் பொருளின் பெயர் இருக்காது. எண்ணிக்கை, முகவரி, வாடிக்கையாளர் எழுதிய குறிப்பு மட்டும் அச்சாகும். இது எனக்கு இரண்டாம் வாரமே தெரியும். "சிஸ்டம் சரியில்லை" என்று சொல்லிவைத்தேன்.

வாடிக்கையாளரிடமே என்ன வாங்கினீர்கள் என்று கேட்பது மானக்கேடு என்பது முதலாளியம்மாவின் சட்டம். அதனால் பெயரில்லாத சீட்டெல்லாம் ஜோசியரிடம் போகும், குறிப்பைப் படித்தே பொருளைச் சொல்லிவிடுவார்.

"இருபத்தொண்ணு. சுங்கை பூலோ. உடையாம அனுப்பவும். அகல்விளக்கு லா, அங்கிள்."

சரியாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்கு வேணாம், ஆபீசுக்கு அனுப்பவும். முடிச்சாயம்!"

அந்த மனிதர் ஐந்து நட்சத்திரம் போட்டார்.

பிறகு கிள்ளானிலிருந்து ஒரு சீட்டு: 'பெரியவருக்கு. சனிக்கிழமைக்குள் வேண்டும். தள்ளிப்போட முடியாது.'

ஜோசியர் கண்ணை மூடினார். "தள்ளிப்போட முடியாத காரியம் ஒண்ணுதான் இருக்கு, அங்கிள்." கருமாதிச் சாமான் பெட்டியை பயபக்தியோடு கட்டி அனுப்பினார்.

அவர்கள் கேட்டது எண்பதாம் பிறந்தநாளுக்கு ஜரிகை வேட்டி. பெட்டியைப் பிரித்தவர் பெரியவரே. அவரே கூப்பிட்டார்: "தம்பி, இன்னும் கொஞ்ச நாள் டைம் குடுப்பா!"

அவர் சிரித்தார், அவர் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அன்றே ஜோசியரை நிறுத்திவிட்டார்கள். பெயர் எப்படிப் போனது என்று முதலாளியம்மா கேட்டபோது நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் தாங்கினேன். பிறகு முதலாளியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "படிச்சவரு அங்கிள் நீங்க!" என்றார். அதற்குமேல் திட்ட என்ன இருக்கிறது? ஜோசியரைத் திரும்ப அழைத்துவரச் சொன்னார்.

கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு கிடங்கில் அவர் லோரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு அப்பவே தெரியும், அங்கிள். நீங்க ஒரு நாள் லீவு போட்டீங்க, அன்னிக்கு எல்லாச் சீட்டுலயும் பேரு இருந்திச்சு."

"ஏன்யா சொல்லல?"

"வயசான காலத்துல நீங்க எங்க போவீங்க?"

திரும்பி வர மறுத்துவிட்டார். கிடங்கு வீட்டுக்குப் பக்கமாம். "ஆனா எல்லாப் பெட்டியிலயும் பேரு இருக்கு. போரடிக்குது லா."

இனி ஆர்டர் வரும்போதே பெயர் அதில் பதிந்துவிடும்படி மென்பொருள் எழுதும் பெண்ணிடம் மாற்றச் சொன்னேன். "அப்படியும் பேரு இல்லாட்டி என்ன போடட்டும், அங்கிள்?" என்றாள். சொன்னேன். இப்போது அந்த இடத்தில் 'ஜோசியரைக் கேட்கவும்' என்று அச்சாகிறது.

அப்படி அச்சானால் உடனே மேருவுக்குப் போன் போடுவேன். "மறுபடியும் அழிச்சிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே என்ன பொருள் என்று சொல்லிவிடுவார்.

பெயர் தெளிவாக இருக்கும் சீட்டுக்கும் சில நாள் கூப்பிடுகிறேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.